தலைக்காயச் சிகிச்சையும் சோதனை ஆய்வும்: குமரன் மறைவு முதல் இன்றைய திருப்பூர் வரை

முன்னுரை

1932 சனவரி 10 அன்று திருப்பூரில் ஊர்வலமாகச் சென்ற சட்டமறுப்புத் தொண்டர்கள்மீது காவலர் தடியடி நடத்தினர். தலையில் பலத்த காயமுற்ற குமரன் மறுநாள் மருத்துவமனையில் உயிரிழந்தார். விடுதலைப் போராட்ட வரலாறு அவர் கையிலிருந்த கொடியை நினைவில் கொண்டது. மருத்துவ வரலாற்று நோக்கில் அது ஒரு தலைக்காய மரணமுமாகும். அக்காலத்தில் இந்தியாவில் நரம்பியல் அறுவை சிகிச்சைக்கெனத் தனித்துறை இல்லை. அதன்பின் இச்சிகிச்சை வளர்ந்த முறையையும், அதில் சோதனை ஆய்வுகள் விளைவித்த மாற்றத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

துறையின் தோற்றம்

மாண்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்ற ஜேக்கப் சாண்டி, 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 1950-இல் பா. இராமமூர்த்தி சென்னை அரசு பொது மருத்துவமனையில் இப்பணியை மேற்கொண்டார். அடுத்த ஆண்டே இந்திய நரம்பியல் கழகம் உருவாயிற்று.

1974-இல் டீஸ்டேல், ஜென்னட் ஆகிய இருவரும் கிளாஸ்கோ கோமா அளவுகோலை வெளியிட்டனர். கண் திறத்தல், பேச்சு, உடலசைவு ஆகிய மூன்றையும் கணித்து 3 முதல் 15 வரை மதிப்பளிப்பது இதன் முறை. வெவ்வேறு நாட்டு நோயாளிகளை ஒரே அளவால் ஒப்பிட இது வழிவகுத்தது. பெரும் சோதனை ஆய்வுகளுக்கு இதுவே அடிப்படையாயிற்று.

வழக்கமும் சான்றும்

மூளை வீக்கத்தைக் குறைக்கும் என்னும் நம்பிக்கையில் தலைக்காயமுற்றோர்க்குக் கார்ட்டிகோஸ்டீராய்டு மருந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வழங்கப்பட்டு வந்தது. 10,008 பேரை உட்படுத்திய ‘கிராஷ்’ ஆய்வின் முடிவு 2004-இல் வெளியாயிற்று. இரு வாரங்களுக்குள் இறந்தோர், மருந்து பெற்றவர்களில் 21.1 விழுக்காடு, போலி மருந்து பெற்றவர்களில் 17.9 விழுக்காடு. நூற்றுக்கு மூன்று என்னும் இவ்வேறுபாட்டைத் தனியொரு மருத்துவர் தம் அனுபவத்தால் உணர்ந்திருக்க இயலாது. ஒவ்வோர் இறப்பும் காயத்தின் விளைவாகவே தோன்றியிருக்கும்.

2019-இல் வெளியான ‘கிராஷ்-3’ ஆய்வு, இரத்தக் கசிவைக் கட்டுப்படுத்தும் டிரானெக்சாமிக் அமிலத்தை 12,737 பேரிடம் ஆராய்ந்தது. காயமுற்ற மூன்று மணி நேரத்திற்குள் அளித்தபோது, மிதமான, நடுத்தரக் காயமுடையோரில் தலைக்காய இறப்புக் குறைந்தது. கடுங்காயமுற்றோரிடம் அப்பயன் தெளிவாகத் தென்படவில்லை. முதல் ஆய்வு கைவிட வேண்டியதைக் காட்டிற்று. இரண்டாவது, காலத்தின் அருமையைக் காட்டிற்று.

நெருப்பெரிச்சலும் இன்றைய நிலையும்

இக்காலக் கணக்கு, பனியன் தொழிலை நம்பி வாழும் நெருப்பெரிச்சல் போன்ற பகுதிகளுக்கு நேரடியாகப் பொருந்துவது. இங்குள்ள தொழிலாளர் பலர் இருசக்கர வாகனத்தில் வேலைக்குச் செல்வோர். பிற மாநிலங்களிலிருந்து வந்தோரும் அவர்களுள் உளர். 2021 திசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்குவோர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. பிற மாநிலத்தவரும் இதில் அடங்குவர். 2022 சனவரியில் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது.

முடிவுரை

தலைக்காய மருத்துவத்தின் வரலாறு புதுமருந்துகளின் வரிசை மட்டுமன்று. நம்பிக்கையைச் சோதனைக்கு உட்படுத்தக் கற்ற வரலாறுமாகும். அச்சோதனைகள் பெரும்பாலும் இறப்பையே அளந்தன. உயிர்பிழைத்தவர் நினைவாற்றலையும் கைத்திறனையும் மீட்டுத் தையல் பொறிமுன் மீண்டும் அமர்வதற்கு மாதங்கள், சிலர்க்கு ஆண்டுகள் தேவைப்படும். 48 மணி நேரத்திற்குப் பிந்தைய அந்நெடுங்காலமே இனி ஆய்வுக்கும் அரசுத் திட்டங்களுக்கும் உரிய களமாகும்.