விளாமரத்தில் கட்டிய மான்: பெரும்பாணாற்றுப்படையின் 'பார்வை'யும் தென்சென்னைச் சமவெளியின் வெளிமானும்

பெரும்பாணாற்றுப்படையில் எயினர் என்னும் வேட்டுவரின் குடிசை ஒன்றின் முற்றத்தில் ஒரு விளாமரம் நிற்கிறது. அதன் அடிமரம் தேய்ந்திருக்கிறது. அதில் ஒரு விலங்கை ஓயாமல் கட்டி வைத்திருக்கிறார்கள். அது எந்த விலங்கு என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் சொல்லவில்லை. 'பார்வை' என்ற மூன்றெழுத்துச் சொல்லைப் போட்டுவிட்டு, மர நிழலில் தானியம் குற்றும் பெண்களிடம் போய்விடுகிறார். இந்தச் சொல்லுக்குள் எந்த மான் நின்றது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கேள்வி சிறியதுதான். ஆனால் அதற்கு இதுவரை சொல்லப்பட்ட விடை ஒரு வட்டத்துக்குள் சுற்றுகிறது. தொண்டை நாட்டுப் புதர்க்காட்டு மான் என்றால் அது புள்ளிமான்தான் என்று ஒரு சாரார் எடுத்துக்கொள்கிறார்கள். கிண்டியில் இன்று திரியும் வெளிமான் இந்த மண்ணுக்கு உரியதன்று, ஆளுநர் வில்லிங்டன் பிரபு 1924இல் கொண்டுவந்து விட்டது என்ற செய்தியை அதற்குச் சான்றாக வைக்கிறார்கள். வெளிமான் பண்டைக்காலத்தில் இங்கே இல்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டால், இந்நிலத்தைப் பாடிய நூலில் அதன் பெயர் இல்லை என்று பெரும்பாணாற்றுப்படையையே காட்டுகிறார்கள். நூல் செய்தியைத் தாங்குகிறது, செய்தி நூலைத் தாங்குகிறது. இரண்டையும் பிரித்து, நூலைத் தனியாகப் படித்தால் வேறொரு விடை கிடைக்கிறது. விளாமரத்தில் நின்றது பெரும்பாலும் வெளிமான்தான்.

நூலின் ஐந்நூறு அடிகளில் நூறாவது அடியை நெருங்கும் இடம் இது. குழந்தை பெற்றவள் மான்தோல் படுக்கையில் குழந்தையோடு முடங்கிக் கிடக்கிறாள். மற்றப் பெண்கள் இரும்புப் பூண் இட்ட கோலோடு வெளியே போய்க் கரம்பை நிலத்தைக் கிளறி, புழுதி படியப் புல்லரிசி சேர்க்கிறார்கள். திரும்பி வந்து, பார்வை கட்டிய விளாமரத்தடியில் நிலவுரலில் அதைக் குற்றுகிறார்கள். ஆழக் கிணற்றின் உவர்நீரை முகந்து உலையேற்றுகிறார்கள். கரம்பை, புல், உவர்நீர் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அடர்காடு கண்முன் வராது. மரம் ஆங்காங்கே நிற்க, புல்லும் வெட்டவெளியுமாகக் கிடக்கும் வறண்ட சமவெளிதான் வரும். புள்ளிமானை முன்மொழிந்தவர்கள் வேட்டைக் காட்சியைப் பார்த்த அளவுக்கு இந்த நிலத்தைப் பார்க்கவில்லை.

'பார்வை' என்பதற்கு உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பார்வை மான் என்றே பொருள் கொள்கிறார். பழக்கி வளர்த்த மானைக் காட்டிக் காட்டு மானைப் பிடிப்பது வேட்டைக்காரரின் பழைய உத்தி. 'மானைக் காட்டி மானைப் பிடிப்பது' என்ற வழக்கு அதன் மிச்சம். தீவகம் என்பதும் இதே விலங்குக்கு உள்ள பெயர். நச்சினார்க்கினியரின் காலத்தை ஒட்டி, பதினான்காம் நூற்றாண்டில் திருவருட்பயன் பாடிய உமாபதி சிவம், இறைவன் மனித வடிவில் குருவாக வருவதை விளக்கப் 'பார்வை' என்ற சொல்லையே உவமையாக எடுக்கிறார். உவமை கேட்டவுடன் விளங்க வேண்டுமானால் உத்தி ஊரறிந்ததாக இருந்திருக்க வேண்டும். ஆகவே உரையாசிரியர் தந்த பொருள் ஏட்டிலிருந்து ஏட்டுக்கு வந்த பொருளாக மட்டும் இருக்க முடியாது.

பார்வை என்பது பறவையாகவும் இருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கௌதாரியைக் கூண்டில் வைத்துக் கௌதாரி பிடிப்பது தமிழ்நாட்டில் தெரிந்த வேலைதான். ஆனால் கௌதாரி கட்டிய கயிறு விளாமரத்தின் அடியைத் தேய்க்காது. இதற்குமேல் அந்த ஐயத்தோடு வாதாட வேண்டியதில்லை.

அது மான் என்பது முடிந்தால், எந்த மான் என்பதற்கு அதே பகுதியின் வேட்டைக் காட்சிகள் வழிகாட்டுகின்றன. மழையில்லாக் காலத்தில், மான் அடிகள் பதிந்து குழம்பிய தடங்களின் ஓரம், எயினர் குழிக்குள் பதுங்கி நள்ளிரவில் காத்திருக்கிறார்கள். காத்திருப்பது காட்டுப்பன்றிக்காக. அது வராமல் போனால், பகலில் நாய்களோடு புதரை அலைத்து, வேலிபோல வலை கட்டி, குறுமுயலை வெளியேற வழியில்லாமல் வளைக்கிறார்கள். இரவில் குழி, பகலில் வலையும் நாயும். பன்றிக்கும் முயலுக்கும் வழி சொல்லிய புலவர், மானுக்கு இரண்டையும் சொல்லவில்லை. வீட்டில் மான்தோல் விரித்திருக்கிறது, தடத்தில் மான் அடி பதிந்திருக்கிறது. ஆனால் மான் பிடிக்கும் கருவியாக இந்தப் பகுதியில் தெரிவது முற்றத்தில் கட்டிய பார்வை ஒன்றுதான். இதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

இந்த இடத்தில் விலங்கின் பழக்கம் சாட்சி சொல்ல வருகிறது. புள்ளிமான் மேய்வது காடும் வெளியும் சந்திக்கும் விளிம்பில். ஆபத்து என்றால் அது ஓடி ஒளிவது புதருக்குள். நீர்நிலைக்கு வழக்கமான தடத்தில் வரும். இப்படிப்பட்ட விலங்குக்குத் தடத்தில் கண்ணி போதும், புதரைச் சுற்றி வலை போதும், நீரோரம் குழி போதும். எயினர் கையில் இவை இருந்தன. அதற்காக ஒரு மானை ஆண்டுக்கணக்கில் தீனி போட்டு வளர்க்க வேண்டிய தேவை இல்லை.

வெளிமான் வேறு வகை. பெயரிலேயே வெளி இருக்கிறது. மறைவில்லாத புல்வெளியில் பகலில் மேயும். தொலைவில் வரும் ஆளைக் கண்ணாலேயே கண்டுகொள்ளும். புதருக்குள் ஓடாமல் மேலும் வெளியை நோக்கி ஓடும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தை எட்டக்கூடிய விலங்கை நாய் துரத்திப் பயனில்லை, திறந்த வெளியில் வலை கட்டவும் இடமில்லை. வட இந்திய அரசர்கள் இதை வேட்டையாடச் சிவிங்கிப்புலியைப் பழக்கியது இதனால்தான். சிவிங்கிப்புலி வளர்க்க வசதியில்லாத எயினனுக்கு, மானின் குணத்தையே அதற்கு எதிராகத் திருப்புவதைத் தவிர வேறு வழி இல்லை.

அந்தக் குணம் ஆண்மானின் எல்லைப் பிடிப்பு. முதிர்ந்த வெளிமான் கடா தனக்கென ஓர் இடத்தை வளைத்துக்கொள்ளும். ஒரே இடத்தில் சாணமிட்டுக் குவியல் வைக்கும். கண்ணருகே உள்ள சுரப்பியைக் குச்சிகளிலும் புல்லிலும் தேய்த்து மணம் பூசும். வேறொரு கடா உள்ளே நுழைந்தால் தலையை நிமிர்த்தி, முறுக்குக் கொம்பைப் பின்கழுத்தில் சாய்த்து, காதை மடக்கி, ஒவ்வோர் அடியாக எதிரே வரும். ஓடிப் பிழைப்பதையே உயிராகக் கொண்ட விலங்கு ஓடாமல் நம்மை நோக்கி வரும் ஒரே நேரம் இது. வேட்டைக்காரனுக்கு வேண்டியதும் அந்த நேரம்தான்.

இது வெறும் ஊகம் அல்ல. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் ஃபசல் தொகுத்த ஆயின்-இ-அக்பரி இந்த உத்தியை விரிவாகச் சொல்கிறது. பழக்கிய மானின் மேல் வலையைப் பூட்டிக் காட்டு மானின் எதிரே விடுகிறார்கள். இரண்டும் மோதும்போது காட்டு மானின் கொம்போ காலோ காதோ வலையில் மாட்டிக்கொள்கிறது. பதுங்கியிருப்பவர்கள் ஓடிவந்து பிடிக்கிறார்கள். அக்பரின் மகன் ஜஹாங்கீர் மன்ஸராஜ் என்ற தன் மானுக்காக, இன்றைய பாகிஸ்தானில் உள்ள ஷேக்குபுராவில் ஹிரன் மினார் என்ற கோபுரத்தையே எழுப்பினார். பழக்கிய மான்களோடு போரிடுவதிலும் காட்டு மானைப் பிடிப்பதிலும் அதற்கு நிகர் இல்லை என்பது அவர் கண்ட பெருமை. அரண்மனை மானும் எயினர் முற்றத்து மானும் செய்த வேலை ஒன்றே.

இதே வேலையைப் புள்ளிமானிடம் வாங்குவது கடினம். அதன் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து புதிதாக முளைப்பது. முளைக்கும் மாதங்களில் மென்தோல் போர்த்த கொம்போடு அது சண்டைக்கு நிற்காது. வெளிமானின் கொம்பு உதிராது. வளர்ந்துகொண்டே போகும், வாழ்நாள் முழுவதும் இருக்கும். ஒரு வேட்டைக் குடும்பம் நம்பி வளர்க்கக்கூடியது எது என்பது தெளிவு. அடிமரம் தேயும் அளவுக்குக் கட்டி வைத்தார்கள் என்றால், பருவத்துக்கு ஒருமுறை எடுத்துப் போன கருவி அல்ல அது. ஆண்டு முழுவதும் பயன்பட்ட கருவி.

இந்த வாதத்தில் ஓர் இடைவெளி உண்டு, அதை மறைக்கக் கூடாது. பார்வை ஆணா பெண்ணா என்று நூல் சொல்லவில்லை. பெண்மானைக் கட்டி ஆண்மானை வரவழைப்பதும் சாத்தியமே. அப்படியானால் கொம்பு பற்றிய வாதம் பாதி வலுவிழக்கும். ஆனாலும் எல்லைப் பிடிப்பு பற்றிய வாதமும், இரவுக் குழியும் நாயும் வலையும் வெட்டவெளியில் பயன்படா என்ற வாதமும் அப்படியே நிற்கின்றன. மரத்தைத் தேய்த்தது கயிறு அல்ல, கொம்பை உரசும் புள்ளிமான் கடா என்று இன்னொரு மறுப்பு எழலாம். ஆனால் பாட்டில் 'யாத்த' (கட்டிய) என்ற சொல்லுக்கு அடுத்தபடியே தேய்வு வருகிறது. கட்டியதற்கும் தேய்ந்ததற்கும் உள்ள தொடர்பைப் புலவரே வைத்திருக்கும்போது, இடையில் வேறொரு காரணத்தை நுழைக்க வேண்டாம்.

வெளிமான் அறிவியல்படி மான் குடும்பத்தைச் சேர்ந்தது அல்லவே என்பது அடிக்கடி வரும் திருத்தம். தமிழில் மான் என்பது புள்ளிமான், வெளிமான் இரண்டையும் தழுவிய சொல். அதே சமயம் உள்ளுக்குள் வேறுபாட்டைத் தமிழர் நன்றாகவே பார்த்திருக்கிறார்கள். தொல்காப்பிய மரபியல் புல்வாய், உழை, நவ்வி என்று பிரித்துப் பேசுகிறது. ஆணுக்குரிய 'கலை' என்ற பெயரைப் புல்வாய்க்கும் உழைக்கும் தரும் அது, 'இரலை' என்பதைப் புல்வாய்க்கு மட்டும் ஒதுக்குகிறது. அகநானூற்றின் நான்காம் பாட்டு இரலையின் கொம்பை முறுக்கிய இரும்புக்கு ஒப்பிடுகிறது. மழைக்குப் பின் பரல் நிறைந்த பள்ளங்களில் அது துள்ளுவதைக் காட்டுகிறது. முறுக்குக் கொம்பு, திறந்த நிலம், துள்ளல் மூன்றும் சேரும் விலங்கு இங்கே வெளிமான்தான். திருகுமான் என்ற பெயரும் அந்தக் கொம்பால் வந்ததே. இப்படி நுணுகிப் பார்த்த மரபில் வந்த புலவர், எயினர் முற்றத்தில் பெயரைச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் எளிது. கேட்போருக்குப் பார்வை என்றாலே எந்த மான் என்று தெரிந்திருக்கும்.

எயினருக்கு அந்த மான் எப்படிக் கிடைத்தது? வெளிமான் குட்டி பிறந்த முதல் நாட்களில் தாயோடு ஓடாமல் புல்லுக்குள் அசையாமல் படுத்துக் கிடக்கும். கரம்பையில் புல்லரிசி தேடிக் குனிந்து நடக்கும் பெண்களின் கண்ணில்தான் அது முதலில் பட்டிருக்கும். இதற்கு நூலில் சான்று இல்லை. ஆனால் முற்றத்து மானும் புல்லரிசியும் ஒரே காட்சியில் அடுத்தடுத்து வருவதை இது பொருத்தமாக விளக்குகிறது.

இடம் பற்றி ஒரு வார்த்தை. நூலில் பாணன் போகும் வழி எயினர், ஆயர், உழவர், வலைஞர் ஊர்களைக் கடந்து நீர்ப்பெயற்று என்ற கடற்கரைப் பட்டினத்தை அடைந்து, திருவெஃகா வழியாகக் கச்சிக்குப் போகிறது. எயினர் குடியிருப்பு தாம்பரத்தில்தான் இருந்தது என்று சொல்ல வழியில்லை. ஆனால் பல்லாவரம் குன்றுகள் முதல் வண்டலூர், செங்கல்பட்டு வரையுள்ள மேட்டு நிலம் அதே தொண்டை நாட்டுக் கரம்பையின் தொடர்ச்சி. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கோடரி இங்கு வேட்டையாடிய மனிதரின் தொன்மையைக் காட்டுகிறது. அவர்கள் எந்த மானை வேட்டையாடினார்கள் என்பதை அது சொல்லாது.

இனி 1924ஆம் ஆண்டுச் செய்திக்கு வரலாம். அது உண்மையாகவே இருக்கட்டும். வெளியிலிருந்து சில மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள் என்பதால் அதற்கு முன் அவை இங்கே இருந்ததில்லை என்று ஆகிவிடாது. குறைந்துபோன இனத்தைக் கூட்டுவதற்கும் மான்களைக் கொண்டுவந்து விடுவார்கள். மேலும், கிண்டிக்குப் புள்ளிமானும் வெளியிலிருந்து, அதுவும் 1945க்குப் பிறகு வந்தது என்று சொல்லப்படுகிறது. ஒரே வகைச் செய்தியை வைத்து வெளிமானை வந்தேறி என்றும், புள்ளிமானை மண்ணின் மகன் என்றும் தீர்ப்பளித்திருக்கிறார்கள். இந்த அளவுகோல் நேர்மையானது அன்று.

இந்தத் தீர்ப்பு ஏட்டோடு நிற்கவில்லை என்பதால்தான் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. 1910இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டபோது கிண்டிக் காடு ஏறத்தாழ 505 ஹெக்டேர். ஐஐடி வளாகத்துக்கும் நினைவு மண்டபங்களுக்கும் நிலம் போய், 1978இல் தேசியப் பூங்காவானபோது மிஞ்சியது சுமார் 270 ஹெக்டேர். அதில் போலோ மைதானம் போன்ற திறந்த புல்வெளிகளைத்தான் வெளிமான் நாடுகிறது. தாம்பரம் கிறித்தவக் கல்லூரி வளாகத்தின் புதர்க்காட்டிலும் கிண்டியின் மர நிழலிலும் புள்ளிமான் பெருக, வெளிமான் சிறுத்துவரும் வெளிகளில் ஒதுங்குகிறது. காடு என்றால் மரம் என்று எண்ணி வெளியில் நாற்று நடுவதும், முட்புதர் தானாக ஏறிவர விட்டுவிடுவதும் அதற்கு ஒரே கேடுதான்.

வெளிமான் ஆளுநர்களின் அலங்காரப் பொருள் என்று எண்ணும் வரை அதற்காக ஒரு மைதானத்தைத் திறந்து வைக்க யாருக்கும் மனம் வராது. பெரும்பாணாற்றுப்படையை இங்கே முன்வைத்தபடி படிப்பவர்கள், போலோ மைதானத்தில் ஏறிவரும் புதரை வெட்டச் சொல்வார்கள். வண்டலூர், நன்மங்கலம் காப்புக்காடுகளிலும் கரம்பையைக் கரம்பையாகவே விட்டுவைக்கச் சொல்வார்கள்.