எண்ணிக்கையும் சாட்சியும்: வினா நாட்குறிப்பின் பூர்விகம் பற்றி ஒரு மறுபரிசீலனை

திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அரசாங்கத் தேர்வுகளுக்குப் பயிலும் இளைஞர் பலர் இந்நாளில் கைக்கொள்ளுகின்ற வினா நாட்குறிப்பு, அதாவது எப்பொழுது எழுந்தாய், எவ்வளவு நேரம் படித்தாய், எந்தத் தீய பழக்கத்தை இன்று விலக்கினாய் என்று அச்சிட்ட கேள்விகளுக்கு நாள்தோறும் விடையெழுதித் தன்னைத் தானே திருத்திக்கொள்ளுவதற்காக ஏற்பட்ட ஏடு, அமெரிக்காவில் தோன்றி ஆங்கிலக் கல்வியின் வழியே இங்கு வந்து சேர்ந்ததென்பது இத்துறையில் எழுதியோரிடையே நெடுநாளாக வழங்கிவரும் அபிப்பிராயம். பெஞ்சமின் பிராங்கிளினை ஆதிபுருஷராகவும், இம்முறையை நம்மவரிடையே பெரிதும் பரவச் செய்த சுவாமி சிவானந்தரை அவருடைய வழித்தோன்றலாகவும் அவர்கள் கொள்ளுகின்றனர். இக்கொள்கை முழுவதும் பிழையென்று நான் சொல்லத் துணியவில்லை. ஆயினும், செஞ்சிக்கு வடக்கே சிங்கவரத்தை அடுத்துள்ள திருநாதர்குன்றில் பொறிக்கப்பட்ட ஒரு சிறு கல்வெட்டை உரியவாறு படித்தவர்கள், இந்த வமிசாவளியை இவ்வளவு எளிதாக எழுதியிருக்க மாட்டார்கள் என்பது என் துணிபு.

முதலில் இரண்டு ஏடுகளையும் ஒப்பிடுவோம். பிராங்கிளின் 13 குணங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கமும், வாரத்தின் நாள்களுக்கு ஏழு கட்டங்களும் வகுத்து, குற்றம் நேர்ந்த இடத்தில் ஒரு கரும்புள்ளியிட்டு, வாரத்துக்கு ஒரு குணமாக ஆண்டில் நான்கு முறை அந்தச் சுற்றை முடிக்கத் திட்டமிட்டார். அவருடைய ஏட்டில் பிழைக்குத் தண்டனை இல்லை. அதை வாங்கிப் பார்ப்பதற்கு ஆசிரியரும் இல்லை. பத்தமடையில் 1887-இல் பிறந்து, 1913 முதல் 1923 வரை மலாய் நாட்டில் மருத்துவராயிருந்து, 1924-இல் ரிஷிகேசத்தில் துறவு பூண்ட சிவானந்தரின் ஆத்மிக நாட்குறிப்போ, உறங்கிய நேரம், உருட்டிய ஜபமாலை, காத்த மௌனம், கொடுத்த தானம் ஆகியவற்றைக் கணக்குக் கேட்டபின், எத்தனை பொய் சொன்னாய், எத்தனை முறை சினந்தாய், அதற்காக உனக்கு நீயே விதித்துக்கொண்ட தண்டனை யாது என்றும் வினவுகிறது. அன்றியும், மாதம் ஒரு முறை அதன் பிரதியைக் குருவுக்கு அனுப்பி மேற்கொண்டு செய்யவேண்டியதைக் கேட்டறியுமாறு பணிக்கிறது. நோயாளியின் குறிப்பைப் பார்த்து மருந்தை மாற்றும் மருத்துவரின் வழக்கத்தை இதில் காணலாமென்று எனக்குத் தோன்றுவதுண்டு. எனினும் அதை இங்கே வற்புறுத்த விரும்பவில்லை. பிராயச்சித்தமும் குருவின் பார்வையுமாகிய இவ்விரண்டு அங்கங்களும் பிராங்கிளினிடமிருந்து வந்திருக்க இயலாது என்பதே வேண்டுவது.

இனித் திருநாதர்குன்று. இருபத்துநான்கு தீர்த்தங்கரரின் உருவங்கள் இரு வரிசையாகச் செதுக்கப்பட்ட அந்தப் பாறையில், சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பு நோற்று உயிர் நீத்த நிசீதிகை, அதாவது நினைவிடம், இதுவெனக் கூறும் கல்வெட்டொன்றுள்ளது. எழுத்தமைதி கொண்டு அதனை ஏறத்தாழ 6-ஆம் நூற்றாண்டினதென மதிப்பர். வட்டெழுத்தின் வளர்ச்சியை ஆராய்ந்தோர் அதன் வரிவடிவத்திலேயே கருத்தைச் செலுத்தினர். பொருளைப் பற்றிப் பேசியோரும், நடுகல்லில் வீரனின் பெருமையைப் பொறிப்பதுபோல் ஈண்டுத் துறவியின் பெருமை பொறிக்கப்பட்டதென்று கூறி, அந்த எண்ணைப் புகழ்ச்சியாகவே கொண்டு மேற்சென்றனர்.

அந்த எண்ணைத்தான் நாம் நின்று கவனிக்க வேண்டும். புகழ்ச்சிக்காகச் சொல்லப்படும் எண் பெரும்பாலும் முழுமையுடையதாக இருக்கும். ஒரு மாதமென்றோ, ஒரு மண்டலமென்றோ, அறுபதென்றோ கூறுவது வழக்கு. ஐம்பத்தேழுக்கு அப்படிப்பட்ட சிறப்பு யாதொன்றும் இல்லை. அது உண்மையாக எண்ணப்பட்டதனாலேயே அவ்வாறு அமைந்தது என்பதைவிட எளிய விளக்கம் எனக்குப் புலப்படவில்லை. அதே குன்றிலுள்ள பிற்காலக் கல்வெட்டு இளையபட்டாரர் 30 நாள் நோற்றதாகக் கூறுவதை எடுத்துக்காட்டி, அது மாத நோன்பாகிய மரபுவழக்கே என்று யாரேனும் வாதிக்கக்கூடும். அதனை மறுக்க என்னிடம் சான்றில்லை. ஆனால் முப்பதைப் பற்றிய சந்தேகம் ஐம்பத்தேழைத் தொடாது.

எண்ணியவர் யார்? உணவொழிந்து உடல் ஒடுங்கி வரும் முனிவர் தம் நாள்களைத் தாமே இறுதிவரை எண்ணிப் பாறையில் பொறித்தல் இயலாது. உண்ணாதிருந்து உயிர் நீக்கும் இந்நோன்பாகிய சல்லேகனையில் நோற்பவரின் அருகிருந்து நடத்துவிக்கும் நிர்யாபகர் என்னும் ஆசிரியர் ஒருவர் உண்டென்பதைச் சமண நூல்கள் விதிக்கின்றன. சமந்தபத்திரர் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் வகுத்த முறையும் இதனோடு பொருந்துவதே: முதலில் பகையும் பற்றும் ஒழித்து, செய்த தீவினைகளையெல்லாம் கரவின்றி எடுத்துரைத்து, பின்னர்த் திட உணவை விட்டுப் பாலும், அதனை விட்டு வெந்நீரும், அதனையும் விட்டு முழு நோன்புமாகப் படிப்படியே இறங்குதல். அந்நூலைத் தழுவித் தமிழில் அருங்கலச்செப்பு எழுந்ததிலிருந்து, இந்நெறி நம்மவருக்கு அந்நியமாக நின்றுவிடவில்லையென்பது தெளிவு. ஆகவே பாறையிலுள்ள அந்த எண், முன்கூட்டியே வகுத்த படிகளின் வழியே ஒருவர் நடக்க, மற்றொருவர் உடனிருந்து நாள்தோறும் கணக்கிட்டுவந்த ஓர் அநுஷ்டானத்தின் இறுதி வரியாகும் என்பது என் வாசிப்பு.

இது மரணத்துக்கான நோன்பன்றோ, தன்னை வளர்த்துக்கொள்ளுவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தமென்ற ஆட்சேபம் நெடுநேரம் நம்மைத் தடுக்க வேண்டியதில்லை. காலையும் மாலையும் தன் குற்றங்களை நினைந்து வருந்தும் பிரதிக்கிரமணம், குற்றத்தைக் குருவிடம் விண்ணப்பித்தல், அவர் விதிக்கும் பிராயச்சித்தத்தை ஏற்றல் ஆகிய அன்றாட ஒழுக்கங்களின் முடிவே சல்லேகனை. வினாவும், எண்ணும், தண்டனையும், சாட்சியும் அங்கே ஒருங்கு நிற்கின்றன. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் 1736 முதல் 1761 வரையுள்ள நாட்குறிப்பைக் காட்டி இவ்வட்டாரத்து மரபு வேறென்பாரும் உளர். அந்த மாபெரும் நூல் கண்டதையும் கேட்டதையும் எழுதியது. தன்னை வினவி எழுதியதன்று.

சிவானந்தர் சமணரிடமிருந்து தம் ஏட்டின் வடிவத்தை நேரே பெற்றாரென்று நான் கூறவில்லை. கூறுவது இவ்வளவே: எண்ணிக்கையோடு பிறரொருவரின் பார்வையையும் சேர்த்துக்கொண்ட தன்பரிசோதனை இந்நாட்டில் பழமையானது, அவருடைய ஏடு பிராங்கிளினைவிட அதற்கே நெருங்கிய உறவுடையது. காந்தியடிகள் தம் உடனிருந்தோரை நாட்குறிப்பு எழுதச் செய்து, நவகாளி யாத்திரையில் மனு காந்தியின் ஏட்டைத் தாமே படித்துக் கையொப்பமிட்டதும் அந்த உறவின் வழிப்பட்டதே. பிராங்கிளினிடத்திலுங்கூட, முதலிலிருந்த 12 குணங்களோடு பணிவு 13-ஆவதாகச் சேர்ந்தது, அவருடைய செருக்கைக் குவேக்கர் நண்பர் ஒருவர் எடுத்துச் சொன்னபின்னரே. எதிர்க்கொள்கையினர் தங்கள் ஆதிபுருஷரின் சரித்திரத்திலேயே உள்ள இச்செய்தியைப் பொருட்படுத்தாமல் விட்டது வியப்புக்குரியது.

இப்பொழுது அச்சாகும் வினா ஏடுகளில் எண்ணிக்கை மட்டுமே எஞ்சியிருக்கிறது. எழுதியவனன்றி அதனைப் படிப்பார் எவரும் இல்லை. சில வாரங்களில் ஏடு வெறுமையாகி விடுவதற்கு மாணவனின் சோம்பலையே காரணமாகச் சொல்லுகின்றனர். சாட்சியை நீக்கிவிட்டு எண்ணை மட்டும் கொடுத்தது அவன் குற்றமன்று. மேல்சித்தாமூர் மடத்தைச் சூழ்ந்த ஊர்களில் வாழும் தமிழ்ச் சமணர் இல்லங்களிலுள்ள நோன்பு முறைக் கையெழுத்துப் படிகளை ஆராய்ச்சியாளர் தொகுத்து வெளியிடவேண்டும். அதுவரை, ஏடு அச்சிடுவோரும் அதைப் பிள்ளைகளிடம் கொடுக்கும் ஆசிரியரும் ஒவ்வொரு மாதத்தின் கடைசிப் பக்கத்திலும் வேறொருவர் படித்துக் கையொப்பமிடுவதற்கு ஓர் இடம் விட்டு வைப்பார்களாக.