பைத்தான் மொழியில் ஒளிந்துள்ள வேடிக்கைகள்

பைத்தான் நிரல்மொழியை உருவாக்கியவர்கள் அதன் மூலநிரலுக்குள்ளேயே ஒளித்துவைத்திருக்கும் நகைச்சுவைகள் மென்பொருள் வழக்கில் 'ஈஸ்டர் எக்' எனப்படும். நெதர்லாந்தைச் சேர்ந்த கீடோ வான் ரோஸம் 1991இல் வெளியிட்ட இம்மொழிக்குப் பெயர் வந்ததே 'மான்ட்டி பைத்தான்ஸ் ஃபிளையிங் சர்க்கஸ்' என்ற பிபிசி நகைச்சுவைத் தொடரிலிருந்துதான். மொழியின் வடிவமைப்புக் கொள்கைகளையே விளையாட்டாகச் சொல்வது இந்த வேடிக்கைகளின் தனிச்சிறப்பு.

இம்போர்ட் திஸ்

இவற்றுள் மிகவும் புகழ்பெற்றது இது. 'இம்போர்ட் திஸ்' என்று தட்டினால், டிம் பீட்டர்ஸ் 1999இல் எழுதிய 'ஸென் ஆஃப் பைத்தான்' திரையில் விரியும். எளிமை, தெளிவு, படித்தவுடன் புரியும் தன்மை ஆகியவற்றை வலியுறுத்தும் 19 வாசகங்கள் அதில் உள்ளன. ஆனால் அதை அச்சிடும் கோப்பைத் திறந்து பார்த்தால் ஒரு வரியும் புரியாது. ஒவ்வோர் எழுத்தும் 13 இடம் தள்ளி எழுதப்பட்டிருக்கும். மாறிகளுக்கு ஓரெழுத்துப் பெயர்கள். 65, 97 என்ற எண்கள் விளக்கம் ஏதுமின்றி நிற்கும். அவை ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வரிசைகளின் தொடக்கக் குறியெண்கள். தெளிவைப் போற்றும் வாசகங்களை வேண்டுமென்றே குழப்பமாக எழுதிய நிரலுக்குள் வைத்ததே இதன் நகைச்சுவை.

நெளிவு அடைப்புக்குறி

சி, ஜாவா போன்ற மொழிகளில் நிரல் பகுதிகளைப் பிரிக்க நெளிவு அடைப்புக்குறிகள் பயன்படும். பைத்தானில் அந்த வேலையை வரித்தொடக்க இடைவெளியே செய்துவிடும். பின்னாளில் மொழியில் சேரவிருக்கும் வசதிகளை முன்கூட்டியே பெற 'ஃபியூச்சர்' என்ற தொகுதி உண்டு. அதனிடம் அடைப்புக்குறி வசதியைக் கேட்டால், "அதற்கு வாய்ப்பே இல்லை" என்ற பொருளில் பிழைச்செய்தி வரும்.

பிற வேடிக்கைகள்

'ஆன்டிகிராவிட்டி' தொகுதியை அழைத்தால், ராண்டல் மன்ரோ 2007இல் வரைந்த சித்திரக்கதை உலாவியில் திறக்கும். பைத்தானின் எளிமையில் மயங்கி வானில் பறக்கும் ஒருவரின் கதை அது.

முடிவிலிக்குப் பைத்தான் தரும் ஹாஷ் எண் (மதிப்புகளை விரைவாகத் தேடக் கணக்கிடப்படும் எண்) 314159. இவை பை மாறிலியின் முதல் ஆறு இலக்கங்கள்.

2009 ஏப்ரல் 1 தேதியிட்ட ஒரு விளையாட்டு அறிவிப்பு, கீடோ ஓய்வு பெறுவதாகவும் பைத்தான் உருவாக்குநர்களில் ஒருவரான பேரி வார்சா தலைமையேற்பதாகவும் கூறியது. அதையொட்டிச் சேர்க்கப்பட்ட கட்டளையை இயக்கினால், 'சமமில்லை' என்பதற்கான இன்றைய குறியீடு செல்லாமல் போய், பைத்தான் 3இல் நீக்கப்பட்ட பழைய குறியீடு உயிர்பெறும்.

முக்கியத்துவம்

இவற்றில் பல பைத்தானின் மொழிபெயர்ப்பியிலோ நிலையான நூலகத்திலோ இடம்பெற்று, மொழியுடன் சேர்ந்தே பயனரின் கணினிக்கு வருகின்றன. பேரி வார்சா வேடிக்கை சரியாக இயங்குகிறதா என்று பார்க்கத் தனிச் சோதனைக் கோப்பே உண்டு. அடைப்புக்குறி ஏன் இல்லை, நிரல் ஏன் தெளிவாக இருக்க வேண்டும் என்ற அடிப்படைக் கேள்விகளுக்கு மொழியை உருவாக்கியவர்களின் நிலைப்பாட்டைப் புதிதாகக் கற்பவரும் இவற்றின் வழியே சிரித்தபடி அறிந்துகொள்ளலாம்.