மூழ்கிய கணத்தில் நின்ற சம்பளம்

சென்ற கோடை விடுமுறையில், எங்கள் கல்லூரியின் கணிதத் துறையிலிருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் தம் துணைவியாருடன் உல்லாசக் கப்பல் ஒன்றில் ஐந்து நாள் பயணம் சென்று வந்தார். ஊர் திரும்பியதும் அவர் பேசியது கடலைப் பற்றியன்று. தமது அறையைக் கவனித்துக்கொண்ட இளைஞனைப் பற்றி. முதல் நாள் சர்க்கரையில்லாத தேநீர் கேட்டவருக்கு, மறுநாள் முதல் கேளாமலேயே அது வந்தது. அம்மையார் முழங்கால் வலியோடு நடப்பதைப் பார்த்துவிட்டு இரவுதோறும் வெந்நீர்ப் பை கொண்டுவந்து வைத்தானாம். துவாலையை யானை போல் மடித்துக் கட்டிலின் மேல் நிறுத்தியிருந்தானாம். "பெத்த பிள்ளைகூட இப்படிப் பாத்ததில்ல சார்" என்றார்.

"அந்தப் பையன் எத்தனை மணிக்குத் தூங்குவான்?" என்று கேட்டேன்.

நண்பர் சற்று யோசித்தார். "ராத்திரி பதினொரு மணிக்கும் நிப்பான், காலையில ஆறு மணிக்கும் நிப்பான். அதுக்கு மேல நான் கேக்கலியே" என்றார்.

அந்தப் பதிலின் நேர்மைதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. கப்பலில் கிடைக்கும் உபசாரத்தைப் புகழ்ந்து பயணிகள் எழுதியவை ஏராளம். உபசரித்தவர்களின் கணக்குப் புத்தகம் அந்த அளவுக்கு வாசிக்கப்படவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் சிறு முயற்சி இது.

தமிழில் இதைக் குறிக்கச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. உபசாரம், பணிவிடை, தொண்டு, ஊழியம் என்று நீளும் வரிசையில் ஒவ்வொன்றுக்கும் தனி மணம் உண்டு. வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறத்தின் கீழ் வைத்தார். அங்கே ஓம்புபவன் வீட்டுக்காரன். தன் பொருளைத் தானே செலவிடுகிறவன். ஊழியம் என்ற சொல்லோ திருவிதாங்கூரில் கூலியில்லாத கட்டாய வேலைக்கும் பெயராக இருந்தது. கப்பல் பணியாளர் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறார். விருந்து நிறுவனத்துடையது, ஆதாயமும் நிறுவனத்துடையது, முகமலர்ச்சி மட்டும் அவருடையது.

ஓரிடத்துக்குப் போய்ச் சேர்வதற்காக அன்றி, பயணத்தின் இன்பத்துக்காகவே கப்பலேறும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவானது. 1844இல் பி. அண்ட் ஓ. நிறுவனம் நாவலாசிரியர் தாக்கரேயைக் கட்டணமின்றி அழைத்துச் சென்றது. அவர் அப்பயணத்தை நூலாக எழுதி 1846இல் வெளியிட்டார். எழுத்தாளரைக் கொண்டு விளம்பரம் தேடும் உத்தி அவ்வளவு பழையது. குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடக்கும் கூட்டம் குறைந்து கப்பல்கள் சும்மா கிடப்பதைக் கண்ட ஹாம்பர்க் நிறுவனத்தின் ஆல்பர்ட் பாலின், 1891 ஜனவரி 22 அன்று 'அகஸ்டா விக்டோரியா' என்ற கப்பலை மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார். 241 பயணிகள், ஏறத்தாழ இரண்டு மாதச் சுற்று. இன்றைய உல்லாசக் கப்பல் தொழிலின் தொடக்கமாக இப்பயணத்தைக் குறிப்பிடுவது வழக்கம்.

ஆனால் உபசாரத்தின் இலக்கணம் உருவானது அட்லாண்டிக்கைக் கடந்த பெருங்கப்பல்களின் முதல் வகுப்பில்தான். அவற்றில் டைட்டானிக்கை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பிற கப்பல்களில் ஆவணக் கட்டுகளுக்குள் உறங்கும் விவரங்கள், மூழ்கிய இக்கப்பலின் விஷயத்தில் வெளிச்சத்துக்கு வந்துவிட்டன என்பதே காரணம்.

அதன் பணிப்பெண்களில் ஒருவர் வயலட் ஜெசப். 1887இல் அர்ஜென்டினாவில் ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்தவர். அவருடைய தாயும் கப்பல் பணிப்பெண். தாய் நோயுற்றபோது, 1908இல், இருபத்தொரு வயதில் இவர் வேலைக்கு வந்தார். இளமையும் அழகும் அந்த வேலைக்குத் தகுதிக்குறைவாகக் கருதப்பட்டமையால், நேர்காணலுக்குத் தம்மைப் பொலிவற்றவராகக் காட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. 1911 செப்டம்பரில் ஒலிம்பிக் கப்பல் போர்க்கப்பலோடு மோதியபோது அதில் இருந்தார். 1912 ஏப்ரலில் டைட்டானிக்கில் இருந்தார். 1916 நவம்பரில் மருத்துவக் கப்பலாக மாறியிருந்த பிரிட்டானிக் ஏஜியன் கடலில் மூழ்கியபோது செவிலியாக அதிலும் இருந்தார். மூன்றிலும் பிழைத்தார். 1930களில் எழுதிய நினைவுக்குறிப்பு, அவர் 1971இல் இறந்து இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னரே அச்சேறியது.

அந்நூலில் ஓர் இடம் உண்டு. டைட்டானிக் மூழ்கிக்கொண்டிருந்த இரவில், மொழி தெரியாத பயணிகள் தயங்கி நிற்க, அவர்களுக்கு முன்மாதிரியாகப் படகில் ஏறும்படி பணிப்பெண்களுக்கு உத்தரவு வந்தது. ஏறியதும் யாருடையதோ ஒரு குழந்தையை அவர் கையில் கொடுத்தார்கள். இரவெல்லாம் அதை மார்போடு அணைத்திருந்தார். காலையில் மீட்புக்கு வந்த கார்ப்பேதியா கப்பலின் தளத்தில் ஒரு பெண் ஓடிவந்து குழந்தையைப் பறித்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தாயின் நிலையை எண்ணினால் அவளைக் குறைகூற முடியாது. ஆயினும் நன்றிச் சொல் வரவில்லை என்பதை இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஜெசப் நினைவில் வைத்திருந்தார். தம் முகம் எவருக்கும் நினைவிருக்காது என்பதை அறிந்த தொழிலாளியின் நினைவு அது.

இனிக் கணக்குக்கு வருவோம். டைட்டானிக்கின் முதல் வகுப்புப் பணியாளருக்கு மாதச் சம்பளம் 3 பவுண்டு 15 ஷில்லிங். ஆண்டுக்கு 45 பவுண்டு. அதே கப்பலில் ஒரு செல்வக் குடும்பம் தனக்கும் தன் வேலையாட்களுக்கும் சேர்த்து எடுத்த பயணச்சீட்டின் விலை 512 பவுண்டுக்கு மேல். அந்த அறைகளைப் பெருக்கித் துடைத்தவர் பதினொரு ஆண்டு வாங்கும் சம்பளத்தைவிட அது அதிகம். பற்றாக்குறையை ஈடுசெய்தது பயணிகள் தரும் அன்பளிப்பு. ஆகவே நாம் சிறந்த உபசாரம் என்று வியப்பதன் ஒரு பகுதி, குறைந்த சம்பளத்தின் மறுபக்கம்.

அந்த இரவில் உணவு, அறைப் பணிப் பிரிவைச் சேர்ந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் இறந்தனர். குத்தகைக்கு விடப்பட்டிருந்த தனி உணவகத்தின் இத்தாலிய, பிரெஞ்சு ஊழியர்கள் எழுபது பேரளவில் தப்பியவர் மூவர். அவருள் இருவர் காசாளப் பெண்கள். பணிப்பெண்களில் பெரும்பாலோர் பிழைத்தனர்.

பிழைத்தவர்களுக்கு ஒரு செய்தி காத்திருந்தது. 1894ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டப்படி, கப்பல் அழிந்தால் பணியாளரின் வேலையும் அக்கணமே முடிந்துவிடும், அதுவரைக்கும்தான் சம்பளம். டைட்டானிக் 1912 ஏப்ரல் 15 அதிகாலை 2.20க்கு மூழ்கியது. அதற்குப்பின் படகில் துடுப்பு வலித்த மணிநேரங்களும், பயணிகளைப் போர்வையால் மூடிக் காத்த மணிநேரங்களும் கணக்கில் சேரவில்லை. இது ஒரு நிறுவனத்தின் தனிப்பட்ட கொடுமையன்று. அக்காலத்துக் கடற்சட்டமே அதுதான். எனக்கு அது கொடியதாகத் தோன்றுவதும் அதனாலேயே.

இசைக்கலைஞர்கள் எண்மரின் கதை இன்னும் கூர்மையானது. கப்பல் சாய்ந்துகொண்டிருக்கையில் பயணிகள் கலங்காதிருக்க அவர்கள் வாசித்ததும், எண்மருமே மாண்டதும் உலகறிந்தவை. அவர்கள் கப்பல் நிறுவனத்தின் நேரடி ஊழியர்கள் அல்லர் என்பது அவ்வளவாக அறியப்படாதது. லிவர்பூலைச் சேர்ந்த ஒரு முகவாண்மை நிறுவனம் அவர்களை ஒப்பந்தத்தில் அனுப்பியிருந்தது. இரண்டாம் வகுப்புப் பயணச்சீட்டில் அவர்கள் ஏறியிருந்தனர். இழப்பீடு கேட்ட குடும்பங்களிடம் கப்பல் நிறுவனம் அவர்கள் எங்கள் ஊழியரல்லர் என்றது, முகவரும் பொறுப்பேற்கவில்லை. இறந்தவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸைச் சேர்ந்த வயலின் கலைஞர் ஜாக் ஹியூம், வயது 21. மகனை இழந்து இரண்டு வாரமே கடந்திருந்த நிலையில், 1912 ஏப்ரல் 30 தேதியிட்ட கடிதம் ஒன்று முகவரிடமிருந்து தந்தைக்கு வந்தது. நிலுவை 5 ஷில்லிங் 4 பென்ஸ் செலுத்த வேண்டும். சீருடைக் கணக்கையும் தீர்க்க வேண்டும். இசைக்கலைஞர் சங்கம் அக்கடிதத்தைத் தன் இதழில் அச்சிட்டு உலகுக்குக் காட்டியது.

அதே குழுவின் தலைவர் வாலஸ் ஹார்ட்லியுடையதாக அடையாளம் காணப்பட்ட வயலின், 2013 அக்டோபரில் 9 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது.

இதைப் படிக்கையில் என் தந்தையார் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. அவர் எங்கள் ஊர் உணவு விடுதி ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டு பரிமாறியவர். வழக்கமாக வருவோரின் ருசி அவருக்கு மனப்பாடம். யாருக்குச் சட்னி, யாருக்கு மிளகாய்ப்பொடி என்று கேளாமல் வைப்பார். விடுதி கைமாறி மூடப்பட்டபோது மாதம் பதினேழாம் தேதி. பதினேழு நாள் சம்பளம் எண்ணிக் கொடுக்கப்பட்டது. அவர் கையால் உண்டவர்கள் வழியில் கண்டால் இன்றும் அவரைப் புகழ்ந்து என்னிடம் பேசுகிறார்கள். அந்தப் புகழில் எனக்குப் பெருமை உண்டு. அந்த மாதம் வீட்டில் அரிசி வாங்கிய விதமும் நினைவில் உண்டு.

கடலில் அந்த விதி மாறத் தொடங்கியது 1920இல். ஜெனோவாவில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, கப்பல் அழிந்து வேலையிழப்போருக்குச் சம்பள அளவிலேயே, இரண்டு மாதம் வரை, உதவித்தொகை தரவேண்டும் என்ற உடன்படிக்கையை ஏற்றது. பிரிட்டன் 1925இல் அதைத் தன் சட்டத்தில் சேர்த்தது. அந்த இரண்டு மாதச் சம்பளமே கப்பல் பணியாளரின் வரலாற்றில் மிகச் சிறந்த அன்பளிப்பு என்பேன். கைநீட்டி வாங்க வேண்டாதது அது.

முதலாளிகளும் வேறு வழி கண்டனர். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த 1922இல், 'ரிலையன்ஸ்', 'ரெசொல்யூட்' என்ற இரு பயணிகள் கப்பல்கள் மது பரிமாறும் பொருட்டுப் பனாமாவின் கொடிக்கு மாறின. கொடி எந்த நாட்டுடையதோ அந்நாட்டின் சட்டமே கப்பலில் செல்லும். கோப்பைக்காக மாறிய கொடி, பின்னர்க் கூலிக்காகவும் மாறியது. இன்று பனாமா, பஹாமாஸ் முதலிய நாடுகளின் கொடியேந்தி ஓடும் உல்லாசக் கப்பல்கள் பல. அவற்றின் அறைகளைத் துடைப்போரில் பிலிப்பைன்ஸ், இந்தோனேசிய, இந்திய இளைஞர்கள் மிகுதி.

ஆபத்தில் யார் உண்மையில் பணி செய்கிறார்கள் என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. 1991 ஆகஸ்டில் 'ஓஷனோஸ்' என்ற கிரேக்க உல்லாசக் கப்பல் தென்னாப்பிரிக்கக் கரைக்கு அப்பால் புயலில் நீர் புகுந்து மூழ்கத் தொடங்கியது. பயணிகள் பலர் கப்பலில் இருக்கும்போதே தலைவரும் அதிகாரிகள் சிலரும் வெளியேறிவிட்டனர். பொறுப்பை எடுத்துக்கொண்டவர்கள் கப்பலின் கேளிக்கைக் கலைஞர்கள். கிதார் கலைஞர் மாஸ் ஹில்ஸ் கப்பல் தலைவரின் மேடைக்குப் போய், பழக்கமில்லாத வானொலியில் உதவி கேட்டார். அவரும் துணைவியாரும், மாயவித்தைக்காரர் உள்ளிட்ட சக கலைஞர்களும் இரவெல்லாம் கூடத்தில் பாடிப் பயணிகளை அமைதிப்படுத்தினர். விடிந்ததும் ஹெலிகாப்டர்களில் ஒவ்வொருவராக ஏற்றி அனுப்பினர். 571 பேரும் பிழைத்தனர். தலைவர் உட்பட அதிகாரிகள் கடமை தவறியவர்கள் என்று கிரேக்க விசாரணை முடிவு செய்தது. டைட்டானிக்கின் இசைக்கலைஞர்கள் வாசித்தபடி இறந்தார்கள்; இவர்கள் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுக் கப்பலையே நடத்தினார்கள். இரு கப்பலிலும் கடைசிவரை நின்றவர்களுக்குக் கப்பல் நடத்தும் அதிகாரம் எதுவும் இருந்ததில்லை.

2006இல் உருவாகி 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, அந்த இரண்டு மாதச் சம்பள உரிமையைத் தன்னுள் ஏற்றுக்கொண்டுள்ளது; இந்தியா 2015இல் அதை ஏற்றது. ஓய்வுக்கும் அது அளவு வகுத்துள்ளது: 24 மணிநேரத்தில் குறைந்தது 10 மணி, வாரத்தில் 77 மணி. அதைத் திருப்பிப் படித்தால், ஒரு நாளில் 14 மணிநேரம் வேலை வாங்கச் சட்டம் இடம் தருகிறது. 2020இல் பெருந்தொற்று பரவியபோது, பயணிகள் கரையிறக்கப்பட்டு வீடு திரும்பிய பின்னும் பல்லாயிரம் பணியாளர்கள் துறைமுகம் கிடைக்காமல் வெற்றுக் கப்பல்களில் மாதக்கணக்கில் கிடந்தனர். உபசரிக்க ஆளில்லாத அறைகளுக்கு நடுவே, ஒப்பந்தம் முடிந்த பலருக்குச் சம்பளமும் இல்லை.

கட்டுரையின் வரைவை என் நண்பரிடம் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு, பயணத்தின் முடிவில் கப்பலில் கொடுத்த மதிப்பீட்டுத் தாளைப் பற்றிச் சொன்னார். பணியாளரின் புன்னகைக்கு எத்தனை மதிப்பெண், சுறுசுறுப்புக்கு எத்தனை என்றெல்லாம் அதில் கேட்டிருந்தார்களாம். எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் போட்டாராம்.

"அந்தப் பையன் ஊரு மதுரைப் பக்கம்னு சொன்னான் சார். பேரைத்தான் மறந்துட்டேன்" என்றார்.