சண்டைக்குப் போன சிவப்பு

(ஒப்பனைப் பெட்டி - 9)

1915 வாக்கில் அமெரிக்காவில் லிப்ஸ்டிக் உலோகக் குழாய்க்குள் குடியேறிய கதையைப் போன வாரம் பார்த்தோம். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் அந்தக் குழாயிலேயே சிக்கல் தொடங்கியது. அது பித்தளை; தோட்டா உறைக்கும் பித்தளைதான் வேண்டும். உள்ளே இருக்கும் மெழுகுக்கும் விளக்கெண்ணெய்க்கும்கூட ராணுவம் போட்டிக்கு நின்றது.

1942ல் அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம் ஒப்பனைப் பொருள்களுக்குக் கட்டுப்பாடு போட்டது. ஆண்டு முடிவதற்குள் தானே அதை ரத்தும் செய்தது. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, தொழிற்சாலைகளில் பெண்கள் வேலை பார்த்த நேரம். அவர்கள் மனம் சோர்ந்தால் உற்பத்தியும் சோரும் என்று பயந்தார்கள். பித்தளை போய் அட்டைக் குழாயும் பிளாஸ்டிக் குழாயும் வந்தன.

பிரிட்டனில் பாடு அதிகம். வரி ஏறியது, சரக்கு குறைந்தது. பெண்கள் குழாயின் அடியில் ஒட்டியதைச் சுரண்டி உருக்கினார்கள். அதுவும் தீர்ந்தால் பீட்ரூட் சாறு. அழகாக இருப்பது உங்கள் கடமை என்று பத்திரிகைகள் மட்டும் விடாமல் ஓதிக்கொண்டிருந்தன!

வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? அமெரிக்க மரைன் படையின் பெண்கள் பிரிவுக்கென்றே, அவர்கள் தொப்பிக் கயிற்றின் சிவப்புக்குப் பொருத்தமாக, எலிசபெத் ஆர்டன் நிறுவனம் 'மான்டெசூமா ரெட்' என்ற நிறத்தைக் கொண்டுவந்தது. டாங்கி நிறுவனத்தின் 1943 விளம்பரம் இன்னும் சாமர்த்தியம். லிப்ஸ்டிக்கால் போரை ஜெயிக்க முடியாது என்று முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு, நாம் எதற்காகப் போராடுகிறோமோ அதன் அடையாளங்களில் அதுவும் ஒன்று என்று முடித்தது. விற்கத் தெரிந்தவர்கள்.

ஆனால் லிப்ஸ்டிக்கைப் பற்றி அந்தப் போரில் எழுதப்பட்டவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு ராணுவ மருத்துவரின் குறிப்புதான். 1945 ஏப்ரல் 15 அன்று வட ஜெர்மனியின் பெர்கன்-பெல்சன் வதைமுகாமுக்குள் பிரிட்டிஷ் படை நுழைந்தபோது, உள்ளே சுமார் 60,000 பேர் இருந்தார்கள். புதைக்கப்படாத பிணங்கள் மட்டும் 13,000. டைஃபஸ் காய்ச்சல், பட்டினி. மீட்கப்பட்ட பிறகும் ஏறத்தாழ 14,000 பேர் இறந்தார்கள். அங்கே சிகிச்சைப் பணியில் இருந்த லெப்டினன்ட் கர்னல் மெர்வின் வில்லட் கோனின், அவசரமாக வேண்டிய ஆயிரம் பொருள்களைக் கேட்டுத் தவித்துக்கொண்டிருந்தார். வந்து இறங்கியதோ பெட்டி பெட்டியாக லிப்ஸ்டிக். யார் கேட்டு அனுப்பினார்கள் என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது.

அனுப்பியவர் மேதை என்றே பிறகு எழுதுகிறார். மாற்றிக்கொள்ள இரவு உடைகூட இல்லாத பெண்கள், விரிப்பில்லாத கட்டிலில், சிவந்த உதடுகளோடு படுத்திருந்தார்களாம். பிணப் பரிசோதனை மேசையில் கிடந்த ஒரு பெண்ணின் கையில் லிப்ஸ்டிக் துண்டு ஒன்று இறுக்கமாக இருந்ததையும் பதிவு செய்கிறார். கையில் பச்சை குத்திய எண்ணாக இருந்தவர்களை அது மறுபடி மனுஷியாக்கியது என்பது அவர் கணிப்பு. உணவும் மருந்தும் கேட்டுக்கொண்டிருந்தவர் சொல்வதால்தான் அதை நம்பத் தோன்றுகிறது.

இதே நிறம் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் வேறு வேலை பார்த்தது. நோஞ்சான்களைப் பொறுக்கிச் சாவுக்கு அனுப்பும் 'தேர்வு' நாளில், கிடைத்த சிவப்பைக் கன்னத்தில் தேய்த்து, ஆரோக்கியமாக இருப்பதாகக் காட்டித் தப்பித்த பெண்கள் உண்டு. சிலர் தேய்த்தது சொந்த ரத்தம்.

போர்க்காலத்தில் விமான எரிபொருள் ஆராய்ச்சியில் இருந்தவர் ஹேசல் பிஷப் என்ற அமெரிக்க வேதியியலாளர். வீட்டுச் சமையலறையில் நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்து, கோப்பையிலும் கன்னத்திலும் ஒட்டாத லிப்ஸ்டிக்கை 1950ல் கடைக்குக் கொண்டுவந்தார். விலை ஒரு டாலர். சில ஆண்டுகளிலேயே அவர் பெயரில் இருந்த கம்பெனி அவர் கையைவிட்டுப் போனது. அதையொட்டி எழுந்த வழக்கின் கதை அடுத்த வாரம்.