டாஞ்சியர் தீவும் நல்ல கொழுப்பும்

அமெரிக்காவின் விர்ஜினியா மாகாணத்தையொட்டி, செஸபீக் விரிகுடாவின் நடுவே, நண்டு பிடிப்பதையே ஜீவனமாகக் கொண்ட சில நூறு குடும்பங்கள் வாழ்ந்துவந்த டாஞ்சியர் என்னும் சிறு தீவு வைத்திய சரித்திரத்தில் இடம்பெற்றது, ஐந்து வயதுப் பாலகன் ஒருவனின் தொண்டைச் சதையினால்தான். அறுத்தெடுக்கப்பட்ட அவனுடைய டான்சில்கள் இயற்கையான இளஞ்சிவப்பு மாறி, ஆரஞ்சுப் பழத்தோலின் நிறத்தில் பருத்திருக்கக் கண்டு, பெதஸ்டாவிலுள்ள தேசிய சுகாதார நிலையத்தில் டொனால்ட் பிரெட்ரிக்ஸனும் அவருடைய சகாக்களும் பரிசோதித்தபோது, அச்சதையில் கொலஸ்டிரால் மண்டிக்கிடந்ததும், ரத்தத்திலோ கொலஸ்டிராலைச் சுமந்துசெல்லும் எச்.டி.எல். என்ற கொழுப்புத் துகள் அநேகமாக இல்லவே இல்லை என்பதும் தெரியவந்தன. உயிரணுவிலிருந்து கொலஸ்டிராலை வெளியேற்றும் புரதம் பழுதுபட்டதே இதற்கு மூலகாரணம் என்பது, 1999-இல் அதற்குரிய மரபணு அகப்பட்ட பிறகே விளங்கிற்று.

விசேஷம் என்னவென்றால், இந்நோய் கண்டு எச்.டி.எல். ஏறக்குறைய அற்றுப்போனவர்களுக்கு, நாம் அஞ்சக்கூடிய அளவுக்கு மாரடைப்பு வருவதில்லை. இவர்கள் ரத்தத்தில் ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்.டி.எல்.லும் வெகு குறைவு என்பதை அதற்கொரு காரணமாகச் சொல்வார்கள். ஓர் எண்ணை மட்டும் தனியே பிரித்தெடுத்துப் பலன் சொல்லலாகாது என்ற எச்சரிக்கை இதில் அப்போதே இருந்தது, கேட்டவர்கள்தாம் குறைவு.

1977-இல், மாஸசூஸெட்ஸைச் சேர்ந்த பிராமிங்ஹாம் நகரத்தாரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்துவந்த ஆராய்ச்சியாளர்கள், எச்.டி.எல். உயர உயர இருதய நோய் குறைகிறது என்று அறிவித்தார்கள். ‘நல்ல கொழுப்பு’ என்ற கீர்த்தி அதற்கு நிலைத்துவிட்டது. ஆனால் எச்.டி.எல். குறைந்தவருக்குப் பெரும்பாலும் டிரைகிளிசரைடு என்ற மற்றொரு ரத்தக் கொழுப்பு மிகுந்திருக்கும், இடுப்பும் பெருத்திருக்கும், வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஏறியிருக்கும். 2001-இல் அமெரிக்க நிபுணர்கள் இவற்றோடு ரத்த அழுத்தத்தையும் சேர்த்து ஐந்து லக்ஷணங்களாக வகுத்து, ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழ்ப்பட்ட எச்.டி.எல்.லையும் அவற்றுள் ஒன்றாக வைத்து, மூன்று கூடினால் வளர்சிதை மாற்றக் கோளாறு என்று நிர்ணயித்தார்கள். டிரைகிளிசரைடு பெருகும்போது, ரத்தத்திலுள்ள ஒரு பரிமாற்றப் புரதம் அதை எச்.டி.எல்.லுக்குள் ஏற்றிக் கொலஸ்டிராலை எல்.டி.எல். முதலியவற்றுக்கு மாற்றிவிட, டிரைகிளிசரைடு ஏறிய எச்.டி.எல். சீக்கிரமே சிதைந்து குறைந்துபோகிறது.

அப்படியானால் அந்தப் பரிமாற்றத்தையே தடுத்துவிட்டால் என்ன? யோசனை சாமர்த்தியமானதுதான். டார்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்.லை எழுபது சதவீதத்துக்கு மேல் உயர்த்தியது. கூடவே ரத்த அழுத்தத்தையும் உயர்த்தியது. சுமார் 15,000 பேரைக் கொண்ட பரிசோதனையில் அதை உண்டவர்களிடையே மரணம் அதிகப்படவே, 2006 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. அதே இனத்து அனாசெட்ராபிப், 2017-இல் வெளியான முடிவின்படி, எச்.டி.எல்.லை இரட்டிப்பாக்கியும் இருதய விபத்துகளைச் சிறிதளவே குறைத்தது. அந்தச் சிறு லாபத்தையும் நிபுணர்கள் எல்.டி.எல். முதலிய மற்றக் கொழுப்புகள் இறங்கியதன் கணக்கிலேயே வரவு வைத்தார்கள்.