மன்சோனியின் ‘இ ப்ரொமெஸ்ஸி ஸ்போஸி’: கொள்ளைநோய்க் காலத்து வரலாற்றுக் காதல் நாவல்

‘இ ப்ரொமெஸ்ஸி ஸ்போஸி’ (மணம் நிச்சயிக்கப்பட்டவர்கள்) என்பது இத்தாலிய எழுத்தாளர் அலெஸ்ஸாந்த்ரோ மன்சோனி (1785–1873) எழுதிய வரலாற்று நாவல் ஆகும். இதன் முதல் பதிப்பு 1827இல் நிறைவுற்றது. மொழிநடை முழுவதும் திருத்தப்பட்ட இறுதிப் பதிப்பு 1840 முதல் 1842 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. கதை 1628இல் தொடங்குகிறது. அப்போது மிலான் நகரமும் அதைச் சூழ்ந்த லொம்பார்டிப் பகுதியும் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தன. திருமணம் நிச்சயமான ஓர் ஏழை ஆணும் பெண்ணும் பிரிக்கப்படுவதும், 1630ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்கு நடுவே மீண்டும் சந்திப்பதும் இதன் கதை.

பேரழிவுக் காலத்தில் ஒரு காதல் கதையை அமைக்கும் எழுத்தாளர் சந்திக்கும் சிக்கல்கள் பல. நோயை வெறும் பின்னணித் திரையாக வைக்கலாமா? உண்மையில் இறந்தவர்களின் துயரத்தைக் கற்பனைக்கு எந்த அளவு பயன்படுத்தலாம்? வரலாறு எங்கே முடிகிறது, கதை எங்கே தொடங்குகிறது என்பதை வாசகர் எப்படி அறிவார்? இக்கேள்விகளை இந்நாவலும், பின்னாளில் மன்சோனி அதைப் பற்றி எடுத்த முடிவும் தெளிவாகக் காட்டுகின்றன.

வரலாற்றுப் பின்னணி

1628இல் லொம்பார்டியில் விளைச்சல் பொய்த்தது. ரொட்டி விலை ஏறியதால் 1628 நவம்பர் 11 அன்று மிலானில் கலவரம் வெடித்து, ரொட்டிக் கடைகள் சூறையாடப்பட்டன. அதே சமயம் மாந்துவா நாட்டின் வாரிசுரிமை குறித்துப் போர் மூண்டது. 1629இல் ஜெர்மானியக் கூலிப்படைகள் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து லொம்பார்டி வழியாக மாந்துவாவை நோக்கிச் சென்றன. அவை சென்ற வழியெங்கும் ஊர்களைக் கொள்ளையடித்தன. கூடவே பிளேக் நோயையும் விட்டுச் சென்றன.

பட்டினியால் மெலிந்திருந்த மக்களிடையே நோய் வேகமாகப் பரவியது. வட இத்தாலி முழுவதிலும் ஏறத்தாழ பத்து லட்சம் பேரும், மிலான் நகரில் மக்களில் ஏறக்குறைய பாதிப்பேரும் மாண்டனர். பிளேக் நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை அலெக்சாந்தர் யெர்சின் ஹாங்காங்கில் கண்டறிந்தது 1894இல்தான். எனவே 1630இல் வாழ்ந்த மக்களுக்கு அந்நோய் எதனால் வருகிறது என்பது தெரியாது. அந்த அறியாமையே நாவலின் பல நிகழ்வுகளுக்கு அடிப்படை.

நாவல் உருவான விதம்

மன்சோனி மிலானில் பிறந்தவர். சித்திரவதையையும் மரண தண்டனையையும் எதிர்த்து எழுதிய புகழ்பெற்ற சட்ட அறிஞர் செசாரே பெக்காரியா இவருடைய தாய்வழித் தாத்தா. வால்டர் ஸ்காட்டின் வரலாற்று நாவல்கள் ஐரோப்பா எங்கும் பரவலாகப் படிக்கப்பட்ட காலத்தில், 1821 ஏப்ரலில் மன்சோனி தம் நாவலைத் தொடங்கினார். ‘ஃபெர்மோவும் லூச்சியாவும்’ என்ற பெயரில் முதல் வரைவு 1823இல் முடிந்தது.

இதற்காக அவர் பதினேழாம் நூற்றாண்டு ஆவணங்களைத் தேடித் தேடிப் படித்தார். அரசு ஆணைகள், கொள்ளைநோயை நேரில் கண்ட மருத்துவர் அலெஸ்ஸாந்த்ரோ ததீனோவின் குறிப்புகள், ஜுசெப்பே ரிப்பாமோந்தி லத்தீனில் எழுதிய வரலாறு, கர்தினால் ஃபெதெரிகோ பொர்ரோமேயோவின் பதிவு ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. ஆனால் நாவலின் முன்னுரையில், பெயர் தெரியாத ஒருவர் எழுதிய பழைய கையெழுத்துப் படியிலிருந்து இக்கதையை எடுத்ததாகக் கூறுகிறார். அந்தக் கையெழுத்துப் படி கற்பனை. அதற்குப் பின்னால் இருந்த படிப்பு உண்மையானது.

கதைச் சுருக்கம்

கோமோ ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் பட்டு நெசவுத் தொழில் செய்யும் ரென்சோவுக்கும் லூச்சியாவுக்கும் திருமணம் நிச்சயமாகிறது. லூச்சியா மீது கண் வைத்த நிலப்பிரபு தோன் ரொத்ரிகோ, தன் அடியாட்களை அனுப்பிப் பங்குத்தந்தை தோன் அப்போந்தியோவை மிரட்டுகிறான். கோழையான அவர் திருமணத்தை நடத்தி வைக்க மறுக்கிறார். கிறிஸ்தோஃபோரோ என்ற துறவியின் உதவியோடு இருவரும் ஊரைவிட்டுத் தப்புகிறார்கள். லூச்சியா ஒரு கன்னிமடத்தில் அடைக்கலம் புகுகிறாள். ரென்சோ மிலானுக்குச் சென்று ரொட்டிக் கலவரத்தில் சிக்கி, வெனிஸ் ஆட்சிக்குட்பட்ட பெர்காமோவுக்கு ஓடுகிறான்.

பின்னர் லூச்சியா கடத்தப்படுகிறாள். காப்பாற்றப்பட்டால் வாழ்நாள் முழுவதும் கன்னியாகவே இருப்பேன் என்று அந்த இரவில் மரியன்னையிடம் நேர்ந்துகொள்கிறாள். அவளைக் கடத்திய பெயரற்ற பெரும் குற்றவாளி மனம் திருந்தி அவளை விடுவிக்கிறான். இதற்குள் படைகளும் நோயும் வந்துவிடுகின்றன. நோயில் விழுந்து பிழைத்த ரென்சோ, அவளைத் தேடி மிலானுக்குள் நுழைகிறான். நகருக்கு வெளியே இருந்த ‘லாஸ்ஸரேத்தோ’ என்னும் நோயாளர் வளாகத்தில் அவளைக் காண்கிறான்.

நோயை ஒப்புக்கொள்ள மறுத்த நகரம்

நாவலின் 31, 32ஆம் இயல்களில் ரென்சோவும் லூச்சியாவும் வருவதில்லை. அவ்விரண்டும் முழுக்க முழுக்க மிலான் பிளேக்கின் வரலாறு. நோயை முதலில் நகருக்குள் கொண்டுவந்தவர் ஸ்பெயின் படையில் இருந்த ஓர் இத்தாலியச் சிப்பாய் என்பதில் ததீனோவும் ரிப்பாமோந்தியும் ஒத்துப்போகிறார்கள். ஆனால் அவர் பெயரை ஒருவர் லொவாத்தோ என்றும் மற்றவர் லொக்காத்தி என்றும் எழுதியுள்ளனர். அவர் நுழைந்த நாளும் வேறுபடுகிறது. மன்சோனி இந்த முரண்பாட்டை மறைக்காமல் வாசகர் முன் வைக்கிறார். இரண்டு தேதிகளையும் நம்ப முடியாது என்கிறார். ஒரு நாவலாசிரியர் இப்படிச் செய்வது அக்காலத்தில் புதுமை.

தொடக்கத்தில் அதிகாரிகள் அலட்சியம் காட்டினர். ஊர்கள் செத்துக்கொண்டிருந்தபோதே, ஸ்பெயின் இளவரசர் பிறந்ததற்காக ஆளுநர் பொதுக் கொண்டாட்டங்களுக்கு உத்தரவிட்டார். மருத்துவர்கள் பலர் நோயின் பெயரைச் சொல்லவே மறுத்தனர். முதலில் பிளேக் இல்லை என்றார்கள். பிறகு ஒருவகை விஷக்காய்ச்சல் என்றார்கள். பிறகு உண்மையான பிளேக் அல்ல என்றார்கள். இறுதியில் பிளேக் என்று ஒப்புக்கொண்டபோது, அதை யாரோ நஞ்சாலும் சூனியத்தாலும் பரப்புவதாகச் சேர்த்துக்கொண்டார்கள். சொற்கள் படிப்படியாக மாறிய இந்த வரிசையே மக்களின் உயிரைக் குடித்தது என்பதை மன்சோனி எடுத்துக்காட்டுகிறார்.

முதுபெரும் மருத்துவர் லொதொவிகோ செத்தாலா, இது பிளேக்தான் என்று எச்சரித்தவர்களில் ஒருவர். ஏறத்தாழ எண்பது வயதான அவர் பல்லக்கில் சென்றபோது, ஊரைப் பயமுறுத்துகிறார் என்று கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. பல்லக்குத் தூக்கிகள் அவரை அருகிலிருந்த நண்பர் வீட்டில் சேர்த்துக் காப்பாற்றினர். இவ்வளவு தெளிவான மருத்துவரே இன்னொரு சமயம் ஓர் ஏழைப் பெண் சூனியக்காரி என்று எரிக்கப்படுவதற்குத் துணைபோனார் என்பதையும் மன்சோனி பதிவுசெய்கிறார். யாரையும் அவர் குறையற்ற நாயகராக்கவில்லை.

1630 ஜூன் 11 அன்று, புனித சார்லஸ் பொர்ரோமேயோவின் உடலை ஏந்திப் பெரும் ஊர்வலம் நடந்தது. கர்தினால் முதலில் இதற்கு இசையவில்லை. வற்புறுத்தலுக்குப் பிறகே ஒப்புக்கொண்டார். அடுத்தடுத்த நாட்களில் சாவுகள் பெருகின. கூட்டத்தால் நோய் பரவியது என்று எண்ணுவதற்குப் பதிலாக, ஊர்வலத்தில் யாரோ நஞ்சு தூவினார்கள் என்றே மக்கள் நம்பினர்.

கற்பனைப் பாத்திரமான தோன் ஃபெர்ரான்தே என்ற படிப்பாளி வழியே, கல்வி கற்றவர்களின் மூடநம்பிக்கையும் கேலி செய்யப்படுகிறது. தொற்று என்பது பொருளும் அல்ல, பண்பும் அல்ல. ஆகவே அது இருக்க முடியாது என்று அவர் அரிஸ்டாட்டிலின் தர்க்கப்படி நிறுவுகிறார். அதனால் எந்த முன்னெச்சரிக்கையும் இல்லாமல் இருந்து, நோய் வந்து, கிரகங்களைக் குறை சொல்லியபடியே இறந்துபோகிறார்.

தனிமனிதத் துயரம்

எண்ணிக்கைகளின் நடுவே தனி முகங்களைக் காட்டுவது நாவலின் பணி. ஊர் திரும்பும் ரென்சோ, பழைய நண்பன் தோனியோ நோயால் புத்தி பேதலித்து நிற்பதைக் காண்கிறான். தன் திராட்சைத் தோட்டம் களை மண்டிக் கிடப்பதைப் பார்க்கிறான். மிலான் தெருக்களில் பிணவண்டிகள் செல்கின்றன. அவற்றை இழுத்துச் செல்லும் ‘மொனாத்தி’ என்னும் பணியாளர்கள் காலில் மணி கட்டியிருக்கிறார்கள்.

அங்கேதான் நாவலின் மிகவும் புகழ்பெற்ற காட்சி வருகிறது. ஒரு தாய், இறந்துபோன தன் சிறு மகள் சிசிலியாவை வெள்ளாடை உடுத்தி, தலைவாரி, கையில் ஏந்தி வாசலுக்கு வருகிறாள். பிணம் எடுப்பவனிடம் குழந்தையைத் தர மறுத்து, தானே வண்டியில் கிடத்துகிறாள். மாலையில் தன்னையும் எடுத்துப்போக வரும்படி சொல்லிவிட்டு உள்ளே போகிறாள். இது முற்றிலும் கற்பனை அன்று. கர்தினால் பொர்ரோமேயோவின் பதிவில் உள்ள ஒரு நிகழ்வை ஒட்டி மன்சோனி இதை எழுதினார். முரடனான பிணவண்டிக்காரன் கூட அங்கே பணிந்து நடந்துகொள்கிறான்.

காதலின் அளவு

காதல் நாவல் என்று அறியப்பட்டாலும், இதில் காதலர் இருவரும் சேர்ந்திருக்கும் பக்கங்கள் மிகக் குறைவு. 38 இயல்களில், 9ஆம் இயலில் பிரியும் இருவரும் 36ஆம் இயலில்தான் மீண்டும் சந்திக்கிறார்கள். உலகில் காதல் போதிய அளவு இருக்கிறது, நூல்கள் அதை மேலும் வளர்க்க வேண்டியதில்லை என்ற கருத்தை மன்சோனி முதல் வரைவிலேயே விளக்கியிருந்தார். இரக்கம், மன்னிப்பு போன்றவையே பற்றாக்குறை என்பது அவர் எண்ணம்.

தோன் ரொத்ரிகோ பிளேக்கில் விழுவதால் வெளியே இருந்த தடை நீங்குகிறது. கொள்ளைநோய் ஊரைப் பெருக்கிச் சுத்தம் செய்த துடைப்பம் என்று பங்குத்தந்தை அப்போந்தியோ மகிழ்கிறார். ஆனால் கதை அவ்வளவு எளிதாக முடிவதில்லை. 16,000 நோயாளிகள் கிடக்கும் லாஸ்ஸரேத்தோவில், சாகக் கிடக்கும் எதிரியின் முன் கிறிஸ்தோஃபோரோ ரென்சோவை நிறுத்துகிறார். அவனை மன்னித்த பின்னரே ரென்சோ லூச்சியாவைக் காண்கிறான். அப்போதும் அவளுடைய நேர்த்திக்கடன் குறுக்கே நிற்கிறது. கிறிஸ்தோஃபோரோ அவளை அதிலிருந்து விடுவிக்கிறார். பிளேக் கெட்டவனை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொல்வதில்லை. நல்லவரான அந்தத் துறவியும் நோயாளிகளுக்குப் பணி செய்தே இறக்கிறார்.

இழிவுத் தூண்

1630 ஜூன் 21 காலையில், சுகாதார அலுவலர் குல்யெல்மோ பியாட்சா மழையில் சுவரோரமாக நடந்து சென்றார். சன்னலிலிருந்து பார்த்த ஒரு பெண், அவர் சுவரில் எதையோ தடவுவதாகச் சொன்னாள். நோய் பரப்பும் களிம்பைப் பூசுபவர் என்று அவர் கைது செய்யப்பட்டார். சித்திரவதைக்கு ஆளான பின், பிளேக்குக்கு மருந்துக் களிம்பு செய்துவந்த நாவிதர் ஜான் ஜாக்கொமோ மோராவின் பெயரைச் சொன்னார். இருவரும் கொடூரமாகக் கொல்லப்பட்டனர். மோராவின் வீடு இடிக்கப்பட்டு, அங்கே ‘இழிவுத் தூண்’ எழுப்பப்பட்டது. அத்தூண் 1778இல்தான் அகற்றப்பட்டது. அதன் லத்தீன் கல்வெட்டு இன்று மிலானின் ஸ்ஃபோர்சாக் கோட்டையில் உள்ளது.

நாவலில் ரென்சோவும் இதே சந்தேகத்துக்கு ஆளாகி, பிணவண்டியில் ஏறித் தப்புகிறான். கற்பனை நாயகன் தப்பினான். உண்மை மனிதர்கள் தப்பவில்லை. முதல் வரைவில் இந்த வழக்கின் விவரமும் இடம்பெற்றிருந்தது. மன்சோனி பின்னர் அதைக் கதையிலிருந்து பிரித்து, ‘இழிவுத் தூணின் வரலாறு’ என்ற தனி நூலாக்கி, இறுதிப் பதிப்பின் பின்னிணைப்பாக வெளியிட்டார். இவருக்கு முன் இவ்வழக்கை ஆராய்ந்த பியெத்ரோ வெர்ரி, சித்திரவதை என்னும் முறையே குற்றம் என்றார். மன்சோனி இன்னும் ஒரு படி சென்றார். அக்காலச் சட்டத்தின்படியே அந்த நீதிபதிகள் உண்மையைக் கண்டிருக்கலாம், மக்களின் வெறிக்கு அஞ்சி அதைக் காணாமல் விட்டது அவர்கள் குற்றம் என்றார். காலத்தின் மீது பழியைப் போட்டு மனிதர்கள் தப்ப முடியாது என்பதே அவருடைய வாதம்.

வரலாறும் கற்பனையும்

இத்தனை வெற்றிக்குப் பிறகும் மன்சோனி இன்னொரு நாவல் எழுதவில்லை. 1850இல் வெளிவந்த ‘வரலாற்று நாவல் குறித்து’ என்ற கட்டுரையில், இந்த வடிவமே முரண்பாடு உடையது என்று வாதிட்டார். எது நடந்தது, எது புனைவு என்று காட்டினால் கதையின் ஒருமை கெடுகிறது. காட்டாவிட்டால் வாசகர் ஏமாற்றப்படுகிறார். இந்தச் சிக்கலுக்கு முழுமையான தீர்வு இல்லை என்பது அவர் முடிவு.

ஆனால் அவருடைய நாவலிலேயே ஒரு நடைமுறை விடை இருக்கிறது. வரலாற்றுக்கெனத் தனி இயல்கள். ஆவணங்களின் முரண்பாடுகளை ஒளிக்காத நேர்மை. உண்மையில் கொல்லப்பட்டவர்களுக்கு அலங்காரமற்ற தனி நூல். வரலாற்றுப் புனைகதை எழுத விரும்பும் மாணவர்கள் கவனிக்க வேண்டியவை இவை.

பிற்காலம்

இறுதிப் பதிப்பின் மொழி புளோரன்ஸ் நகரப் பேச்சை ஒட்டியது. பொது இத்தாலிய உரைநடை உருவாக அது பெரிதும் உதவியது. மன்சோனியின் முதலாண்டு நினைவுநாளான 1874 மே 22 அன்று, வெர்தி தம் ‘ரெக்வியெம்’ இசைப்படைப்பை மிலானில் அரங்கேற்றினார். இத்தாலியப் பள்ளிகளில் இந்நாவல் நெடுங்காலமாகப் பாடமாக உள்ளது. 2020 பிப்ரவரியில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, மிலானில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர் மாணவர்களுக்கு எழுதிய கடிதத்தில் 31ஆம் இயலை நினைவூட்டினார். அயலாரைச் சந்தேகிப்பதும் வதந்தியை நம்புவதும் நோயைவிடப் பெரிய ஆபத்து என்பதே அவர் சொன்ன பாடம். அக்கடிதம் இத்தாலி முழுவதும் படிக்கப்பட்டது.